என்ஜின் மிஸ்ஸாகிறதா? ஊசியை விட்டுவிட்டு டேங்கைப் பாருங்கள்

மாதிரி விமானம் பறக்கவிடும் எந்த மைதானத்திலும் இந்தக் காட்சி உண்டு. என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நிமிடம் ஒரே சுருதியில் வீறிடுகிறது, பிறகு தடுமாறுகிறது. சுற்றி நிற்கும் நாலு பேரில் மூன்று பேர் கை நேராக கார்புரேட்டர் ஊசிக்குப் போகிறது. ஒருவர் கால் சுற்று உள்ளே திருகுகிறார். அடுத்தவர் "ஐயோ, லீன் ஆயிடும்" என்று, அதாவது எரிபொருள் குறைந்துவிடும் என்று, அரைச் சுற்று வெளியே எடுக்கிறார். பத்து நிமிடம் கழித்து ஊசி முதலில் எங்கே இருந்தது என்பதே யாருக்கும் நினைவில்லை. ஊசி மேல் இவ்வளவு பழி விழுவதற்குக் காரணம் எளிமையானது: அந்த என்ஜினில் விரலால் திருகக்கூடியதாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். கோளாறோ பெரும்பாலும் நாம் பார்க்காத இடத்தில், டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்கும்.

இங்கே பேசுவது க்ளோ என்ஜினைப் பற்றி. பயிற்சி விமானங்களில் அதிகம் காணும் 0.46 கன அங்குல டூ-ஸ்ட்ரோக், அதாவது ஏறத்தாழ 7.5 சி.சி., என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கிடையாது, மெத்தனால், எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள். பொறி கொடுக்கும் காயிலும் கிடையாது. பிளக்கின் அடியில் சுருண்டிருக்கும் பிளாட்டினக் கலவைக் கம்பிதான் ஒவ்வொரு சுற்றிலும் நெருப்பு வைக்கிறது. 11×6 புரொப்பெல்லர் மாட்டினால் தரையில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு அருகே போகும். அப்படியென்றால் நொடிக்கு 200 வெடிப்பு. 300 மி.லி. டேங்க் 10 முதல் 15 நிமிடத்தில் காலியாகிவிடும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு என்ஜின் குடிப்பது ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போகும் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும்.

"சத்தம் என்ஜினிலிருந்து வருகிறது, கோளாறும் அங்கேதான்"

2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றுக்குமிழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு என்ஜினுக்கு இரண்டு சுற்றுக்குத் தேவையான எரிபொருளின் அளவு. ட்யூபில் அப்படி ஒரு குமிழி போனால் என்ஜின் இரண்டு மூச்சு விடாமல் ஓடியதற்குச் சமம். குமிழிகள் வரிசையாக வந்தால் கேட்கவே வேண்டாம். காதுக்கு அது மிஸ்ஸிங், கைக்கு அது ஊசிக் கோளாறு. அதனால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: என்ஜின் ஓடும்போது, புரொப்பெல்லருக்குப் பின்பக்கம் நின்றபடி, கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கான் ட்யூபை உற்றுப் பாருங்கள். குமிழி ஓடினால் ஊசியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. காற்று எங்கிருந்து நுழைகிறது என்று தேடினால் போதும்.

டேங்குக்குள் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. வளையக்கூடிய ட்யூபின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டு எரிபொருள் இருக்கும் பக்கம் விழுந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். விமானம் ஒரு முறை மூக்குக் குத்தி இறங்கினால் இந்தக் குண்டு டேங்கின் முன்பக்கத்துக்கு எகிறி, ட்யூப் மடிந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். வெளியே எந்தச் சேதமும் தெரியாது. தரையில் ஓட்டிப் பார்த்தால் என்ஜின் அருமையாக ஓடும். மேலே ஏறத் தொடங்கியதும் எரிபொருள் எல்லாம் பின்பக்கம் போய்விட, குண்டு முன்பக்கம் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். "தரையில் நன்றாக இருக்கிறது, மேலே போனால் அணைந்துவிடுகிறது" என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது முரட்டுத்தனமாக இறங்கியது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இதைவிடக் குழப்பும் கோளாறு, அதே உள் ட்யூபில் விழும் கீறல். பித்தளைக் குழாயை அறுத்தபின் முனையை வழுவழுப்பாக அரம் போடாமல் விட்டிருந்தால் அந்தப் பிசிறு ட்யூபை உள்ளிருந்து மெல்ல அறுக்கும். டேங்க் நிறைந்திருக்கும்வரை கீறல் எரிபொருளுக்குள் மூழ்கியிருப்பதால் ஒன்றும் தெரியாது. பாதி டேங்க் தீர்ந்து கீறல் வெளியே தெரிந்ததும் காற்று உள்ளே வரும், என்ஜின் இழுக்கத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நிமிடத்தில் தடுமாற்றம் வருகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். சூடு ஏறியதால் வரும் கோளாறு என்று இதைப் பலர் தவறாக எடுத்துக்கொண்டு, ஊசியை வெளியே திருகி, எரிபொருளைக் கூட்டி, ரிச்சாக்கிவிடுகிறார்கள். அப்புறம் முதல் பாதியும் கெட்டுவிடுகிறது.

சோதிக்கும் வழி சுலபம். டேங்கைக் கழற்றி, எரிபொருளை வடித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வெளியே வரும் ட்யூப்களில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்துவிட்டு, திறந்த ட்யூபில் பெரிய சிரிஞ்சை மாட்டிக் காற்றை மெல்ல அழுத்துங்கள். ரப்பர் மூடியின் விளிம்பில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பினால் திருடன் பிடிபட்டான். மூடியின் நடுத்திருகைக் கொஞ்சம் இறுக்கினாலே பல நேரம் போதும். உள் ட்யூபை வெளியே எடுத்து, இரண்டு விரலால் வளைத்து, வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதிலுள்ள கீறல் வாய் திறக்கும். நேராக இருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் ட்யூபை மாற்றிவிடுவதே மேல். ஒரு முழத்தின் விலை ஒரு புரொப்பெல்லரைவிடக் குறைவு.

சிரிஞ்ச் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ட்யூபை வாயில் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் மைதானங்களில் சகஜம். "கொஞ்சம் ஸ்பிரிட்தானே, துப்பிவிட்டால் போயிற்று" என்பதும் ஒரு நம்பிக்கைதான், இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிரைக் குடித்தது இதே மெத்தனால். சிறிதளவு உள்ளே போனாலும் பார்வை போகக்கூடும். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பட்டப்பகலில் அது எரிந்தால் தீ கண்ணுக்கே தெரியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

டேங்க் நன்றாக இருந்தும் கோளாறு தீரவில்லையென்றால் அது இருக்கும் உயரத்தைப் பாருங்கள். டேங்கின் நடுக்கோடு ஊசியின் மட்டத்திலோ, அதற்கு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்க வேண்டும். அதிகம் மேலே இருந்தால் நிற்கும்போதே எரிபொருள் தானாக வடிந்து என்ஜின் மூழ்கும். அதிகம் கீழே இருந்தால் டேங்க் காலியாகக் காலியாக லீன் ஆகும். இன்னொன்று, மஃப்ளரிலிருந்து டேங்குக்கு வரும் ட்யூப். அது வெறும் காற்றுப்போக்கி என்று நினைத்து அப்படியே தொங்கவிடுகிறவர்கள் உண்டு. புகைப்போக்கியின் அழுத்தத்தைக் கொண்டு எரிபொருளைத் தள்ளுவது அதுதான். அதில் ஓட்டை விழுந்தாலும் மாட்ட மறந்தாலும் ஊசியை எத்தனை திருகினாலும் சீராக ஓடாது.

"பிளக் செக்கச் செவேலென்று எரிகிறது, அதனால் நல்ல பிளக்"

ஸ்கூட்டர், மொபெட் காலத்திலிருந்து நமக்கு ஒரு பழக்கம். வண்டி இழுக்கவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டுவோம். டி.வி.எஸ். 50-க்கு அது சரி. அதே கையோடு க்ளோ பிளக்கைத் தேய்த்தால் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி அங்கேயே அறுந்துவிடும். இந்தப் பிளக் வேலை செய்யும் விதமே வேறு.

சூடான பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தால், தீச்சுடர் இல்லாமலே அது தொடர்ந்து தணல்போல் ஒளிர்வதை 1817-ல் ஹம்ஃப்ரி டேவி கண்டறிந்தார். மெத்தனால் ஆவிக்கும் பிளாட்டினத்துக்கும் இடையே நடப்பதும் அதே வேலை. கம்பி ஒரு வினையூக்கி. அமெரிக்காவில் ரே ஆர்டன் 1940-களின் இறுதியில் இதை மாதிரி என்ஜினுக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை குட்டி விமானம் சுமந்துகொண்டிருந்த பேட்டரி, காயில், கண்டென்சர் மூன்றும் ஒரே நாளில் வேண்டாத சுமையாயின. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் 1.2 முதல் 1.5 வோல்ட் கொடுத்தால் போதும். ஓடத் தொடங்கியதும் வெடிப்பின் சூடும் வினையூக்கமும் கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும்.

ஆகவே பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்து, பேட்டரி கொடுத்து, ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது என்று காட்டினால், கம்பி அறுபடவில்லை என்பது மட்டும்தான் நிரூபணம். அதன் மேற்பரப்பு வினையூக்கியாக வேலை செய்கிறதா என்று பேட்டரி சொல்லாது. ஒரு புதுப் பிளக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதுக்கம்பி பளபளவென்று கண்ணாடிபோல் இருக்கும். ஓய்ந்த கம்பி சாம்பல் பூத்து, மேலே உப்புப் படிந்ததுபோல் மங்கியிருக்கும். சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம், நடுவே கோணியிருக்கலாம். கம்பியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளி நிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தால், அது அலுமினியம்; என்ஜின் உள்ளே எங்கோ உலோகம் தேய்கிறது என்ற தகவல்.

ஓட்டத்திலும் ஒரு சோதனை உண்டு. முழு வேகத்தில் பின்பக்கமிருந்து கை நீட்டி க்ளோ பேட்டரியை எடுத்துவிடுங்கள். வேகம் மாறக் கூடாது. கண்கூடாக இறங்கினால் பிளக் ஓய்ந்திருக்கிறது, அல்லது கலவை அளவுக்கு மீறி ரிச்சாகிக் கம்பியைக் குளிர்விக்கிறது. பிளக்கின் அடியிலுள்ள செப்பு வாஷரையும் மறக்க வேண்டாம். பிளக்கைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பேட்டரி இல்லாமல் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றினால், ஒழுகும் இடத்தில் நுரை பொங்கும்.

என்னைக் கேட்டால், பிளக் நல்லதா கெட்டதா என்று அரைமணி நேரம் விவாதிப்பதே வீண். பெட்டியில் எப்போதும் ஒரு புதுப் பிளக் வைத்திருங்கள். சந்தேகம் வந்ததும் மாட்டிப் பாருங்கள். கோளாறு போனால் தீர்ந்தது. போகாவிட்டால் புதுப் பிளக்கைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததைத் தேடலாம்.

"உள்ளே திருகினால் லீன், வெளியே திருகினால் ரிச்"

பெரிய ஊசிக்கு இது சரி. சின்னத் திருகுக்கு வந்தால் எல்லா கார்புரேட்டருக்கும் சரியல்ல. ஐடிலிங்குக்கான கலவையை இரண்டாவது ஊசி மூலம் கட்டுப்படுத்தும் வகையில் உள்ளே திருகினால் எரிபொருள் குறையும். ஆனால் பழைய, மலிவான பல என்ஜின்களில் இருப்பது காற்றுத் துளை வகை. கார்புரேட்டரின் முகப்பில் ஒரு சிறு ஓட்டை தெரியும், பக்கத்திலேயே திருகு. அங்கே திருகை உள்ளே செலுத்தினால் அடைபடுவது காற்று. காற்று குறைந்தால் கலவை ரிச்சாகும். இரவல் வாங்கிய என்ஜினில் எதிர்த் திசையில் திருகித் திருகிக் களைத்துப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். திருகுவதற்கு முன் முகப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மூன்று நொடி ஆகும்.

இதைவிடப் பரவலான குழப்பம், ஐடிலிங் கோளாறைப் பெரிய ஊசியில் சரிசெய்யப் பார்ப்பது. வரிசை முக்கியம்: முழு வேகத்தில் பெரிய ஊசி முதலில், பிறகுதான் சின்னது. ஐடிலில் சிறிது நேரம் ஓடவிட்டு, கார்புரேட்டர் ட்யூபை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். உடனே அணைந்தால் லீன். சற்று வேகமெடுத்துப் பிறகு அணைந்தால் கொஞ்சம் ரிச், அது பெரும்பாலும் நல்லதே. வெகுநேரம் வேகமெடுத்துக்கொண்டே போனால் மிகவும் ரிச். த்ராட்டிலைத் திடீரென்று திறக்கும்போதும் என்ஜின் பேசும். சத்தமே இல்லாமல் சட்டென்று நின்றால் லீன். புகை கக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தயங்கித் தயங்கி வேகமெடுத்தால் ரிச்.

"அதிகபட்ச வேகம் கிடைக்கும் இடத்தில் ஊசியை நிறுத்து" என்பதுதான் என்ஜின்களைக் கொல்லும் அறிவுரை. தரையில் கிடைத்த அந்த உச்சம் வானத்தில் மாறிவிடும். பறக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று கூடும். மேலே ஏறும்போது டேங்கிலிருந்து எரிபொருளை உயரத்துக்கு இழுக்க வேண்டியிருக்கும். டேங்கும் காலியாகிக்கொண்டே வரும். மூன்றும் ஒரே பக்கம், லீன் பக்கம், தள்ளுகின்றன. அதனால் உச்சத்தைக் கண்டுபிடித்தபின் 200 முதல் 400 சுற்று குறையும்வரை ஊசியை வெளியே எடுக்க வேண்டும். பிறகு விமானத்தைக் கையில் பிடித்து மூக்கை வானத்தை நோக்கித் தூக்குங்கள். வேகம் லேசாகக் கூடினாலோ மாறாமல் இருந்தாலோ சரி. சில நொடியில் தொய்ந்தால் இன்னும் லீனாக இருக்கிறது. டேக்காமீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே போதும்.

லீனாக ஓடுவது ஏன் இவ்வளவு ஆபத்து? இங்கே எரிபொருள்தான் குளிரூட்டி, எரிபொருள்தான் எண்ணெய் கொண்டுவரும் வாகனம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.5 கிலோ போதும். ஒரே அளவு காற்றுக்கு இருமடங்குக்கு மேல் எரிபொருள் உள்ளே போகிறது. ஆவியாகும்போது மெத்தனால் உறிஞ்சும் வெப்பமும் பெட்ரோலைப்போல் சுமார் மூன்று மடங்கு. அந்த ஓட்டத்தைக் குறைத்தால் குளிர்ச்சியும் எண்ணெயும் ஒரே நேரத்தில் குறைகின்றன. சூடு ஏறினால் பிளக் முன்கூட்டியே பற்றவைக்கிறது. அதனால் இன்னும் சூடு. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒரு சடசடப்பு கேட்டால் உடனே த்ராட்டிலை இறக்குங்கள், அடுத்து வருவது சீஸ், அதாவது பிஸ்டன் இறுகி நின்றுவிடுவது.

"நைட்ரோ கூட்டினால் மிஸ்ஸிங் போய்விடும்"

நைட்ரோமீத்தேன் ஐடிலிங்கை மென்மையாக்கும், ஊசியின் பொறுமையைக் கூட்டும், சக்தியும் தரும். 5 முதல் 15 சதவீதம் சாதாரணப் பயிற்சி என்ஜினுக்கு ஏராளம். ஆனால் ட்யூப் ஓட்டையை நைட்ரோ அடைக்காது. குறைந்த நைட்ரோவுக்காக அதிக அழுத்த விகிதத்தில் செய்த என்ஜினில் 25 சதவீதத்தை ஊற்றினால் முன்கூட்டியே வெடித்து, மிஸ்ஸிங் கூடத்தான் செய்யும். தலைக்கு அடியில் கூடுதல் ஷிம் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால்தான் தாங்கும்.

நைட்ரோ இல்லாமல் வேகமே வராது என்பவர்களுக்கு ஒரு தகவல். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்2ஏ என்ற கம்பிக் கட்டுப்பாட்டு வேகப் போட்டியில் 2.5 சி.சி. என்ஜின்கள் மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் விமானத்தை இழுக்கின்றன. அவற்றுக்குக் கொடுக்கப்படும் எரிபொருள் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். ஒரு சொட்டு நைட்ரோ கிடையாது.

விளக்கெண்ணெய் என்றதும் அடுத்த சண்டை. "அது பழைய காலத்துச் சரக்கு, பிசின் பிடிக்கும், சிந்தெட்டிக் மட்டும் போடு" என்று ஒரு கட்சி. பிசின் பிடிக்கும் என்பது உண்மைதான். பழைய என்ஜின்களின் தலை தேன் நிறத்தில் பழுப்பேறியிருப்பது அதனால்தான். ஆனால் என்ஜின் லீனாகிச் சூடேறும் அந்தச் சில நொடியில், பல சிந்தெட்டிக் எண்ணெய்கள் கைவிட்ட பிறகும் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டியிருப்பது விளக்கெண்ணெய். முதல் உலகப்போரின் சுழல் என்ஜின்கள் குடித்ததும் இதையே. இரண்டும் கலந்த எரிபொருளே கத்துக்குட்டிக்குப் பாதுகாப்பு; மொத்த எண்ணெய் 18 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். மளிகைக்கடை விளக்கெண்ணெயை வாங்கி வீட்டில் கலக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பிசின் நீக்கிய, நன்றாகச் சுத்திகரித்த வகையாக இல்லாவிட்டால் ஊசித்துளையில் படிந்து, நாம் தேடிக்கொண்டிருக்கும் அதே தடுமாற்றத்தைக் கொண்டுவரும்.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதி தீர்ந்த கேனை மூடி தளர்ந்தபடி மழைக்காலம் முழுக்க வைத்திருந்து, அந்த எரிபொருளோடு கோளாறு தேடுவது இருட்டறையில் ஊசி தேடுவதற்கு ஒப்பு. மூடி இறுக்கிய கேன் வெகுநாள் தாங்கும்.

"நேற்று செட் செய்தேன், இன்றைக்கு ஏன் மாறியது?"

காற்று மாறியது. விடிகாலை 20 டிகிரியில் இருந்ததற்கும் நண்பகல் 35 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. கடலோரத்துப் புழுக்கத்தில் நீராவி வேறு 3, 4 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் சரியாக வைத்த ஊசி மதியம் ரிச்சாகத் தோன்றும். ஒன்றிரண்டு கிளிக் உள்ளே. மறுநாள் காலை அதே ஊசியோடு பறக்கவிட்டால் லீன். ஊட்டிக்குக் கொண்டுபோனால் அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. எடுத்த எடுப்பிலேயே என்ஜின் புகையும். இது கோளாறு அல்ல, வானிலை.

"சத்தம் மாறினாலே கோளாறு"

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் கலவை மிகவும் ரிச்சானால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். வீறிட்ட குரல் திடீரென்று பட-பட-பட என்று கனத்துவிடும். இதைக் கேட்டதும் பதறுகிறவர்கள், கம்பிக் கட்டுப்பாட்டில் சாகசம் காட்டும் விமானிகளை ஒரு முறை பார்க்க வேண்டும். ஃபாக்ஸ் 35 போன்ற என்ஜின்களை அவர்கள் வேண்டுமென்றே இந்த எல்லைக்கோட்டில் நிறுத்திவைப்பார்கள். நேராகப் பறக்கும்போது என்ஜின் கனத்த குரலில் மெதுவாக ஓடும். மூக்கைத் தூக்கியதும் கலவை கொஞ்சம் லீனாகி, வீறிட்டு, வளையத்தின் உச்சிக்கு இழுத்துப்போகும்; நேராக்கியதும் பழைய குரலுக்குத் திரும்பும். த்ராட்டிலே இல்லாத என்ஜினுக்கு அதுவே த்ராட்டில்.

ஆகவே குரல் மாறுவதைவிட எப்போது மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். விமானத்தின் நிலையோடு ஒழுங்காக மாறினால் கலவை. எந்த ஒழுங்கும் இல்லாமல் கூடிக் குறைந்தால் காற்று நுழைகிறது, அல்லது அழுக்கு நகர்கிறது. ட்யூபைப் பித்தளைக் குழாயில் திணிக்கும்போது சீவப்படும் சிலிக்கான் துணுக்கு ஒன்று ஊசிமுனையில் ஆடிக்கொண்டிருந்தாலே போதும். அந்நேரம் ஊசியை முழுதாகக் கழற்றி, எரிபொருளைச் சிரிஞ்சால் எதிர்த்திசையில் பாய்ச்சினால் வெளியே வந்துவிடும்.

"புது என்ஜினை நாள் முழுக்க ரிச்சாக ஓட்டிப் பழக்க வேண்டும்"

இரும்பு பிஸ்டன், ரிங் போட்ட பிஸ்டன் காலத்து அறிவுரை இது. இன்று அதிகம் புழங்குவது அலுமினிய பிஸ்டனும் குரோம் அல்லது நிக்கல் பூசிய பித்தளை லைனரும் உள்ள வகை. அதில் ரிங் கிடையாது. லைனரின் உச்சி சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். சூடேறும்போது உச்சி அதிகம் விரிந்து நேராகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் இறுகிக் "க்ரீச்" என்று முனகுவது அதனால்தான். அதைச் சீஸ் என்று நினைத்து உப்புத்தாள் போடுகிறவர்கள் புது என்ஜினைத் தங்கள் கையாலேயே பழையதாக்குகிறார்கள். இந்த வகையை வழிய வழிய ரிச்சாக ஓட்டினால் லைனர் சூடாகாது, விரியாது, ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுகலில் இடித்துத் தேயும். ரிச்சாகவே இருக்கட்டும், ஆனால் வீறிடும் குரலின் விளிம்பில் வைத்து, சூடேறவும் ஆறவும் விட்டு, சிறு சிறு ஓட்டங்களாக ஓட்டுவதே முறை.

மிச்சமிருப்பவை அதிர்வும் துருவும். சமன் செய்யாத புரொப்பெல்லரும் தளர்ந்த மவுன்ட் திருகும் டேங்கைக் குலுக்கி எரிபொருளை நுரைக்க வைக்கும். நுரை என்றால் மறுபடியும் குமிழி. டேங்கைச் சுற்றி மெத்தென்ற ஃபோம் வைப்பது இதற்காகவே. கார்புரேட்டர் கழுத்தின் ஓ-ரிங்கும் பின்மூடியின் கேஸ்கட்டும் காய்ந்து வெடித்திருந்தாலும் காற்று உள்ளே புகும்.

கடலோர ஊர்களில் என்ஜினின் முதல் எதிரி பின் பேரிங்கில் பிடிக்கும் துரு. நைட்ரோ எரிந்து மிஞ்சும் அமிலத்தன்மையும் மெத்தனால் இழுத்துவந்த ஈரமும் எஃகுக் குண்டுகளை அரிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு புரொப்பெல்லரை விரலால் மெல்லச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் கரகரத்தால், புகைப்போக்கி எண்ணெயில் செம்பழுப்பு கலந்திருந்தால், பேரிங் போயாயிற்று. மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. அன்றைய பறப்பு முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சமுள்ளதை ஓட்டித் தீர்த்து, உள்ளே சில சொட்டு பாதுகாப்பு எண்ணெய் விட்டு வைத்தால் இந்த நிலை வராது.

இத்தனையும் சரியாக இருந்து, என்ஜின் சூடான பிறகு உச்சியில் எதிர்ப்பே இல்லாமல் புரொப்பெல்லர் வழவழவென்று சுற்றினால்தான் பிஸ்டனும் லைனரும் தேய்ந்துவிட்டன என்ற முடிவுக்கு வரலாம். ஜோடியாக மாற்ற வேண்டும். அதன் விலை பல நேரம் புது என்ஜினை எட்டிப் பிடித்துவிடும். புதியதை வாங்கினாலும் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். கார்புரேட்டர், பின்மூடி, மஃப்ளர், கிராங்க் ஷாஃப்ட் என்று அடுத்த பத்து வருடத்துக்கு உதிரிபாகம் அதிலேயே இருக்கிறது.